பழைய எண், புதிய எண்

இரவு இரண்டே கால் இருக்கும். கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை, தண்ணீரிலிருந்து உப்புகளை நீக்கும் அதன் டி.எம். பிளான்ட். "பேக்வாஷ் போடுங்கண்ணே" என்று பேனல் ரூமிலிருந்து கத்தினேன். ஆபரேட்டர் அண்ணன் செலக்டர் சுவிட்சைத் திருப்பினார். பேனலுக்குள் ரிலே 'டிக்' என்றது. அடுத்து பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது) வால்வு திறக்கும்போது வரும் காற்றுச் சத்தம் கேட்க வேண்டும். கேட்டது. ஆனால் வேறு மூலையிலிருந்து கேட்டது.

"தம்பி, ஆசிட் வால்வு இல்ல தொறக்குது!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அளவுத் தொட்டிக்குக் கீழே இருக்கும் ஆட்டோ வால்வு நன்றாகத் திறந்து நின்றது. ஒரு சொட்டு ஆசிட் போகவில்லை. அதற்கு மேலே இருந்த கைவால்வை அண்ணன் மூடி வைத்திருந்தார். ஆசிட்டும் காஸ்டிக்கும் விட்டு பிளான்டைப் புதுப்பிக்கும் ரீஜெனரேஷன் ஓடாத நேரத்தில் அதை மூடி வைப்பது அவருடைய பழக்கம். எந்த மேனுவலிலும் எழுதியிருக்கவில்லை. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என் புரோகிராம் இல்லை, அந்தக் கைவால்வுதான்.

இது 2013 வாக்கில் நடந்தது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு சின்ன பேனல் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூர் வேலை என்றால் ஒரு பையில் லேப்டாப், மல்டிமீட்டர், கிரிம்பிங் டூல், மாற்றுச் சட்டை, அவ்வளவுதான். அன்றைய வேலையும் சின்னதுதான். அந்த பிளான்டில் ஆசிட் பக்கம் ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்தது, காஸ்டிக் பக்கம் கையால். காஸ்டிக் பக்கத்தையும் ஆட்டோ ஆக்கித் தர வேண்டும். அதற்கு எட்டு அவுட்புட் கூடுதலாக வேண்டும். ஒரு கார்டு சேர்த்தால் முடிந்தது.

பேனலில் இருந்தது சீமென்ஸ் எஸ்7-200, வால்வுகளையும் மோட்டார்களையும் புரோகிராம்படி இயக்கும் சின்ன கணினி, அதாவது பி.எல்.சி. மேல் ரெயிலில் சி.பி.யூ. 224. கீழ் ரெயிலில் ஒரு ஈ.எம். 223 (நாலு இன்புட், நாலு அவுட்புட்), அதற்கு அடுத்து ஒரு ஈ.எம். 222 (எட்டு அவுட்புட்). மேலிருந்து கீழே 0.8 மீட்டர் நீட்டிப்பு கேபிள் இறங்கியது. ஒரு சங்கிலியில் அந்தக் கேபிள் ஒன்றுதான் அனுமதி. கீழ் ரெயிலில் ஈ.எம். 222-க்குப் பிறகு ரிலே பேஸ்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன, இடமே இல்லை. மேலே சி.பி.யூ.வுக்குப் பக்கத்தில் வெட்டவெளி. நீங்களாக இருந்தால் எங்கே வைப்பீர்கள்? நானும் அங்கேதான் வைத்தேன். புதுக் கார்டின் ரிப்பனை சி.பி.யூ.வில் செருகினேன், சி.பி.யூ.விலிருந்து கழற்றிய நீட்டிப்பு கேபிளைப் புதுக் கார்டில் செருகினேன். பார்க்க அழகாக இருந்தது.

தப்பு அங்கேதான். எஸ்7-200-இல் கார்டுகளுக்கு முகவரியை நாம் கொடுப்பதில்லை. கரன்ட் வந்ததும் சி.பி.யூ. தன்னை ஒட்டி இருக்கும் கார்டிலிருந்து வரிசையாகத் தானே எண்ணிக்கொண்டு போகும். எட்டு எட்டாகத்தான் எண்ணும், பாயின்ட்.0-இல் தொடங்கி .7-இல் முடியும், பிறகு அடுத்த பைட். சி.பி.யூ. 224-இல் பத்து அவுட்புட்: க்யூ0.0 முதல் க்யூ1.1 வரை. பைட் 1-இல் மிச்சம் இருக்கும் ஆறு இடத்தை அடுத்த கார்டுக்குத் தராது, அடுத்தது க்யூ2.0-இல்தான் ஆரம்பிக்கும். ஆக, பழைய கணக்குப்படி ஈ.எம். 223-இன் நாலு அவுட்புட்டும் க்யூ2.0 முதல் க்யூ2.3. நாலு இடம் வீண். ஈ.எம். 222-க்கு க்யூ3.0 முதல் க்யூ3.7.

நான் புதுக் கார்டுக்கு மனதுக்குள் கொடுத்த எண் க்யூ4. காரணம் வேறொன்றும் இல்லை. அது கடைசியாக வாங்கிய கார்டு. காஸ்டிக் பக்கத்துப் புரோகிராம் முழுக்க க்யூ4.0, க்யூ4.1 என்று எழுதி வைத்திருந்தேன். பி.எல்.சி.க்கு எது எப்போது வாங்கியது என்று தெரியாது. எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தெரியும். முதலில் உட்கார்ந்த புதுக் கார்டு க்யூ2 ஆனது. ஆசிட் வால்வைத் தாங்கிய ஈ.எம். 223-இன் அவுட்புட்டுகள் க்யூ3 ஆயின. பேக்வாஷைத் தாங்கிய பழைய ஈ.எம். 222 க்யூ4 ஆனது. பழைய புரோகிராமில் பேக்வாஷ் உள்வால்வு க்யூ3.0. அந்தக் கட்டளை நேராக ஈ.எம். 223-இன் முதல் ரிலேக்குப் போனது, அதாவது ஆசிட்டுக்கு.

நம் ஊரில் வீட்டு வாசலில் 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று எழுதியிருப்பார்கள். வீடு நகரவில்லை, குடியிருப்பவர் மாறவில்லை, எண் மட்டும் மாறிவிட்டது. பழைய எண்ணை வைத்துத் தபால் போட்டால் அது யார் வீட்டுக்கோ போகும். கடிதம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுப்பார். ஆசிட்டைத் திருப்பிக் கொடுக்க ஆள் கிடையாது.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு ஒன்று. நான் சோதிக்காமல் விடவில்லை. கார்டு போட்ட உடனே லேப்டாப்பில் ஸ்டேட்டஸ் சார்ட் திறந்து இன்புட் ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஃப்ளோட் சுவிட்ச், லிமிட் சுவிட்ச், பிரஷர் சுவிட்ச் எல்லாம் அந்தந்த இடத்தில் சரியாக வந்தன. ஈ.எம். 223-இன் இன்புட்டுகள்கூட பழையபடி ஐ2.0 முதல் ஐ2.3. அது எப்படி மாறும்? இன்புட்டை ஒரு வரிசையாகவும் அவுட்புட்டை இன்னொரு வரிசையாகவும் சி.பி.யூ. தனித்தனியே எண்ணுகிறது. நான் சேர்த்தது அவுட்புட் மட்டும் உள்ள கார்டு. இன்புட் வரிசை அசையவே இல்லை. ஒரே கார்டில் உள்ளே வருவது சரி, வெளியே போவது தப்பு. எல்லாமே தப்பாக இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் பிடித்திருப்பேன். பாதி சரியாக இருந்ததால் மீதியும் சரி என்று நம்பிவிட்டேன். மணி வேறு இரண்டு.

கார்டைப் பார்த்தாலாவது தெரியுமா என்றால் தெரியாது. அதன் முகத்தில் .0, .1, .2 என்று பிட் எண்தான் இருக்கும். பைட் எண்ணை அச்சடிக்க முடியாது. அதே கார்டு ஒரு பேனலில் க்யூ2 ஆகவும் இன்னொன்றில் க்யூ7 ஆகவும் இருக்கும். முன்பாதியை எழுதி ஒட்ட வேண்டியது நாம். அந்தப் பேனலில் யாரும் ஒட்டியிருக்கவில்லை. நானும் ஒட்டவில்லை.

ஷாப்பில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு அந்த நேரத்தில் போன் போட்டேன். திட்டு விழும் என்று நினைத்தேன். "அவுட்புட் ஃபியூஸ கழட்டிட்டியா?" என்றார் முதலில். கழற்றவில்லை. "முதல்ல அதக் கழட்டிட்டு வந்து பேசு." கழற்றிவிட்டு வந்தேன். புரோகிராமில் க்யூ2 எல்லாவற்றையும் க்யூ3 ஆகவும், க்யூ3 எல்லாவற்றையும் க்யூ4 ஆகவும் மாற்றிவிடட்டுமா, அரை மணி நேர வேலை என்றேன். "மாத்தாத. அந்தப் புரோகிராம் வருஷக்கணக்கா ஓடி ருசுவானது. நீ தூக்கக் கலக்கத்துல ஒண்ணு விட்டாலும் ஆசிட்டுடா. கார்ட நவுத்து" என்றார்.

நகர்த்தினோம். கீழ் ரெயிலின் கடைசியில் இருந்த ரிலே பேஸ்களைக் கழற்றி மேல் ரெயிலுக்குக் கொண்டுபோய், அந்த இடத்தில் புதுக் கார்டை உட்கார வைத்து, ரிப்பனை ஈ.எம். 222-இல் செருகினோம். கரன்ட் கொடுத்ததும் அது க்யூ4.0 முதல் க்யூ4.7 ஆக எழுந்தது. விடிந்துவிட்டது. அண்ணன் சொன்னது அன்றைக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. இப்போது நானே அப்படித்தான் சொல்கிறேன். கம்பியைப் பிடித்து இழுத்தால் தவறு கண்ணில் படும். புரோகிராமில் மாற்றாமல் விட்ட ஒரே ஒரு க்யூ2.1 அடுத்த ரீஜெனரேஷன் வரை ஒளிந்திருக்கும்.

அனலாக் கார்டுகள் இன்னும் கொஞ்சம் குறும்பு. ஈ.எம். 235-இல் நாலு இன்புட், ஒரு அவுட்புட். இரண்டு ஈ.எம். 235 அடுத்தடுத்துப் போட்டால் இன்புட்டுகள் ஏ.ஐ.டபிள்யூ 0, 2, 4, 6. அப்புறம் 8, 10, 12, 14 என்று ஒழுங்காகப் போகும். அவுட்புட்டோ முதல் கார்டில் ஏ.க்யூ.டபிள்யூ 0, இரண்டாவதில் ஏ.க்யூ.டபிள்யூ 4. நடுவில் 2 காணாமல் போய்விடும். அனலாக்கை இரண்டு பாயின்டாகத்தான் ஒதுக்கும். ஒன்று இல்லாவிட்டாலும் அதன் இடம் போனது போனதுதான். ஏ.க்யூ.டபிள்யூ 2-க்கு மதிப்பு அனுப்பிவிட்டு டிரைவ் ஏன் அசையவில்லை என்று கேபிளைத் தடவிக்கொண்டிருந்த ஆட்களை எனக்குத் தெரியும். ஒருவரை ரொம்ப நன்றாகவே தெரியும்.

சீமென்ஸின் இன்னொரு பி.எல்.சி.யான எஸ்7-300-க்குப் போனால் கதை வேறு. ஸ்லாட் 1 பவர் சப்ளை, 2 சி.பி.யூ., 3 இன்டர்ஃபேஸ் கார்டுக்கு. பெரும்பாலான பேனல்களில் அந்த இன்டர்ஃபேஸ் கார்டு இருக்காது, சி.பி.யூ.வை ஒட்டியே முதல் இன்புட் கார்டு உட்கார்ந்திருக்கும். ஆனாலும் அதன் பெயர் ஸ்லாட் 4தான். கண்ணுக்கு மூன்றாவது, கணக்குக்கு நாலாவது. மாற்றாமல் விட்டால் டிஜிட்டல் கார்டுக்கு ஸ்லாட்டுக்கு நாலு பைட்: ஸ்லாட் 4-க்கு 0, ஸ்லாட் 5-க்கு 4, ஸ்லாட் 6-க்கு 8. பதினாறு பாயின்ட் கார்டு போட்டால் இரண்டு பைட் வீணாகும், அதற்காக அடுத்த கார்டு முன்னே வராது. அனலாக்குக்கு 256-இல் தொடங்கி ஸ்லாட்டுக்குப் பதினாறு. ஸ்லாட் 7-இல் அனலாக் கார்டு இருந்தால் 304. பழைய சில சி.பி.யூ.க்களில் இதை மாற்ற முடியாது. மற்றவற்றில் ஹார்டுவேர் கான்ஃபிகரேஷனில் விருப்பப்படி மாற்றலாம். மாற்ற முடியும் என்பதால்தான் கணக்குப் போட்டு நம்பக்கூடாது. முன்னே வந்தவர் இடத்தை மிச்சப்படுத்த எண்களை நெருக்கி வைத்திருக்கலாம். ஹார்டுவேர் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவேன்.

சேதராப்பட்டில் ஒரு மெஷினுக்கு மிட்சுபிஷி எஃப்.எக்ஸ். பி.எல்.சி. வைத்த பேனல் செய்துகொடுத்தோம். ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாக வந்த பையன். கை சுத்தம், ஃபெரூல் (வயர் நுனியில் மாட்டும் எண் குழாய்) அடித்தால் அச்சு மாதிரி இருக்கும். பதினாறு இன்புட்டுக்கு எக்ஸ் 0 முதல் எக்ஸ் 15 வரை அடித்துவிட்டான். டெர்மினலில் கொண்டுபோய்ச் செருகினால் எட்டும் ஒன்பதும் கையில் மிச்சம், அந்தப் பக்கம் எக்ஸ் 16-உம் எக்ஸ் 17-உம் காலி. இரண்டு வயர், இரண்டு இடம். பொருத்தம் பார்த்து அங்கே கட்டி வைத்துவிட்டான். "சார், கம்பெனிக்காரன் எட்டு ஒன்பது அச்சடிக்க மறந்துட்டான் சார்" என்று வேறு சொன்னான்.

மறக்கவில்லை. எஃப்.எக்ஸ்-இல் இன்புட் எக்ஸும் அவுட்புட் ஒய்யும் எட்டின் அடிமானத்தில் எண்ணப்படும். ஏழுக்கு அடுத்தது பத்து, பதினேழுக்கு அடுத்தது இருபது. எட்டும் ஒன்பதும் அந்த ஊரில் கிடையாது. ஆகவே எக்ஸ் 10 என்பது ஒன்பதாவது இன்புட். பையன் எக்ஸ் 10 என்று ஃபெரூல் அடித்தது பதினோராவது வயருக்கு. ஒன்பதிலிருந்து எல்லாம் இடம் மாறிப் போய்விட்டது. முதல் எட்டும் சரியாக இருந்ததால், இங்கேயும் 'பாதி சரி' என்ற அதே வலை. அதே மிட்சுபிஷியின் க்யூ சீரிஸுக்குப் போனால் பதினாறின் அடிமானம்: எக்ஸ் 9-க்குப் பிறகு எக்ஸ் ஏ, பி என்று எஃப் வரை போய், அப்புறம்தான் எக்ஸ் 10. அங்கே அது பதினேழாவது. டெல்டாவின் சின்ன எஸ்.எஸ். வகையும் எட்டின் அடிமானம்தான். ஆனால் பதினாலு பாயின்ட் சி.பி.யூ.வில் இன்புட் எக்ஸ் 7-உடன் முடிந்தாலும், பக்கத்தில் சேர்க்கும் கார்டு எக்ஸ் 20-இல்தான் தொடங்கும்.

அந்தப் பையனை யாரும் திட்டவில்லை. நான் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஒன்று மட்டும் செய்யச் சொன்னேன்: ஃபெரூல் அடிப்பதற்கு முன் கார்டின் முகத்தைப் பார்த்து இடமிருந்து வலமாகக் காகிதத்தில் எழுது, அதைப் பார்த்து அடி. தலையிலிருந்து அடிக்காதே.

காகிதம் என்றதும் தானே புயல் ஞாபகம் வருகிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. அதற்குப் பிறகு சில வாரங்கள் எங்களுக்குக் கடலூரில்தான் வேலை. ஒரு சின்ன யூனிட்டில் பேனல் ரூமின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்து போய், மழை நேராகப் பேனல் மேலும் மேசை மேலும் கொட்டியிருந்தது. பேனலைத் துடைத்து உலர வைத்து எழுப்பிவிட்டோம். டிராயிங் ஃபைல் கூழாகிவிட்டது. சாஃப்ட் காப்பி கேட்டோம். பேனல் செய்த கம்பெனியே இப்போது இல்லை என்றார்கள். பி.எல்.சி.யிலிருந்து புரோகிராமை அப்லோட் செய்தோம். அதுவும் எஸ்7-200. பெயர்களும் குறிப்புகளும் லேப்டாப்பில்தான் தங்கும், சி.பி.யூ.வுக்குள் போகாது. திரும்பி வந்தது வெறும் ஐ0.3, க்யூ1.0. தெருவும் கதவு எண்ணும் இருக்கிறது. வீட்டில் யார் என்று தெரியாது.

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதைத் தவிர வழியில்லை. முதலில் அவுட்புட் ரிலேக்களின் காமனுக்கு வரும் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் அண்ணன். மேசையில் வைத்தால் யாராவது திரும்பப் போட்டுவிடுவார்கள் என்பார். (கடலூரில் இரண்டு வருஷம் கழித்து நான் மறந்தது இதைத்தான்.) பிறகு இன்புட். நான் ஃபீல்டில், அவர் பேனலில், நடுவில் செல்போன். பிராக்ஸிமிட்டி சென்சார் முன் ஸ்பேனரைக் காட்டு, ஃப்ளோட்டைக் கையால் தூக்கு, லிமிட் சுவிட்சை விரலால் அழுத்து. எந்த எல்.இ.டி. மாறுகிறதோ அதை எழுது. எரிவதை மட்டும் பார்க்கக்கூடாது, அணைவதும் பதில்தான். எமர்ஜென்சி ஸ்டாப், ஓவர்லோட் ரிலே, ஹை-ஹை லெவல் எல்லாம் சாதாரணமாக எரிந்துகொண்டிருந்து, பிரச்சினை வந்தால் அணையும்.

அவுட்புட்டுக்கு மோட்டார் எம்.சி.பி.க்கள் எல்லாவற்றையும் இறக்கினோம். கன்ட்ரோல் சப்ளை மட்டும் இருந்தது. ஆசிட், ஸ்டீம் மாதிரி கெடுதல் செய்யும் லைன்களில் கைவால்வு மூடல். பி.எல்.சி.யை ஸ்டாப்பில் வைத்து, ஸ்டாப்பிலும் அவுட்புட்டை எழுத அனுமதிக்கும் ஆப்ஷனைப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிட். கான்டாக்டர் 'டப்' என்று இழுத்தால் அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்து எழுது. பெயரை நம்பாதே, மோட்டார் வரை கேபிளைத் தொடர்ந்து போய்ப் பார். இரண்டு இடத்தில் பெயர் தப்பாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் ஆனது. அந்த ஐ/ஓ லிஸ்டில் (இன்புட்-அவுட்புட் பட்டியலில்) அண்ணன் போட்ட பத்திகளையே இன்றைக்கும் போடுகிறேன்: முகவரி, சி.பி.யூ.விலிருந்து எத்தனையாவது கார்டு, கார்டில் எந்த முனை, டெர்மினல் எண், ஃபெரூல் எண், ஃபீல்டில் என்ன கருவி. கடைசிப் பத்தி: 'பிளான்ட் நன்றாக ஓடும்போது எல்.இ.டி. எரிய வேண்டுமா?' அதில் ஆம், இல்லை மட்டும். நிறைய டிராயிங்குகளில் இந்தப் பத்தி இருக்காது. என்னைக் கேட்டால் மற்ற எதை விட்டாலும் இதை விடக்கூடாது. நடுராத்திரியில் லேப்டாப் இல்லாத எலக்ட்ரீஷியன் பேனல் கதவைத் திறந்ததும் பாதிப் பிரச்சினையைக் கண்ணாலேயே முடித்துவிடுவார்.

மீட்டர், டிரைவ் எல்லாம் மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு முறையில் பேசும் காலம் வந்த பிறகு ஒன்றால் தவறுவது புது வடிவம் எடுத்திருக்கிறது. மோடிகான் 1979-இல் கொண்டுவந்த மோட்பஸ்ஸில், கேட்லாக்கில் 40001 என்று போட்டிருக்கும் ரெஜிஸ்டருக்கு லைனில் போகும் எண் 0. சில சாஃப்ட்வேர் அந்த ஒன்றைத் தானே கழிக்கும். சிலவற்றில் நாம் கழிக்க வேண்டும். இரண்டு பேரும் கழித்தாலும் தப்பு, யாரும் கழிக்காவிட்டாலும் தப்பு. எனர்ஜி மீட்டரில் இதைப் பிடிக்க நான் முதலில் தேடுவது ஃப்ரீக்வென்சியை. நம் ஊரில் அது 50-ஐ ஒட்டித்தான் இருக்கும். வோல்டேஜ், கரன்ட் மாதிரி இல்லை, சந்தேகத்துக்கு இடம் கிடையாது. 50 பக்கத்து ரெஜிஸ்டரில் உட்கார்ந்திருந்தால் ஒன்றால் தவறுகிறோம். எங்கேயுமே 50 இல்லாமல் அர்த்தமற்ற எண்ணாக வந்தால், இரண்டு ரெஜிஸ்டர் சேர்ந்த மதிப்பில் பாதியைப் பிடித்திருக்கிறோம், அல்லது முன்பாதியும் பின்பாதியும் மாறிக் கிடக்கிறது.

அந்த டி.எம். பிளான்டுக்குப் போன வருஷம் வேறு வேலையாகப் போயிருந்தேன். ஆபரேட்டர் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். கைவால்வை மூடி வைக்கும் பழக்கம் மட்டும் அடுத்த ஷிப்ட் ஆட்களிடம் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் "எப்பவும் அப்படித்தான் சார்" என்கிறார்கள். பேனலைத் திறந்தேன். உப்புக்காற்றும் ஆசிட் புகையும் சேர்ந்து டெர்மினல் ஸ்க்ரூக்கள் பச்சை பூத்திருந்தன. கதவின் உள்பக்கம் அன்றைக்கு விடியற்காலை நான் ஒட்டிய தாள், லேமினேஷனுக்குள் மஞ்சளாகி: சி.பி.யூ. – 0, 1. ஈ.எம். 223 – 2. பழைய 222 – 3. புது 222 – 4. அதற்குக் கீழே ஒவ்வொரு பாயின்டும்.

கடைசி வரிக்கு அடியில் யாரோ மார்க்கரில் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். 'க்யூ4.8 – ஸ்பேர்.'

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை மட்டும் அடித்தேன்.